படலையடியில் மடிந்த சில்லு: ஒரு மொரிஸ் மைனர் திருத்தத்தின் நிகழ்வு ஆய்வு

2021 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு வளவுக்குள் தொடங்கிய வேலை இது. பன்னிரண்டு ஆண்டுகள் ஓடாமல் நின்ற காரை வீட்டிலேயே வைத்துத் திருத்தினோம். ஒன்பது மாதம் கழித்து அது வீதிக்கு வந்தது. வந்து இரண்டு கிழமை ஆகுமுன் முன்சில்லு ஒன்று மடிந்து விழுந்தது. எவருக்கும் காயமில்லை. ஆனால் அந்தச் சில்லு அரை மணி நேரம் முந்தி மடிந்திருந்தால் இதை இவ்வளவு ஆறுதலாக எழுத முடிந்திராது. வேலையில் நானும் ஒருவன். தவறான முடிவுகளில் ஒன்று என் வாயிலிருந்தே வந்தது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பின்னணி

கார் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. 948 சீசீ எஞ்சின், நான்கு கியர், நான்கு சில்லுக்கும் டிரம் பிறேக். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948 முதல் 1971 வரை பிரித்தானியாவில் உற்பத்தியானது. இலங்கை முழுவதும் ஓடியது. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40உடன் சேர்ந்து ஏறக்குறையக் குடும்ப உறுப்பினர் ஆகிவிட்டது. திருமணம், மரணவீடு, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அதே கார்தான்.

இந்தக் காரை வாங்கியவர் ஒரு பாடசாலை அதிபர். அவர் 2009இல் காலமானார். அதற்குப் பிறகு கார் கிடுகுக் கொட்டிலுக்குள் நின்றது. கிடுகு உக்கியது, தகரம் போட்டார்கள். கோழி பின் இருக்கையில் முட்டையிட்டது. 2020இல் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய கார்களின் விலை ஏறியது, தரகர்கள் படலைக்கு வரத் தொடங்கினார்கள். அதிபரின் மகன் விற்க மனமில்லாமல் திருத்த முடிவெடுத்தார். அவர் வங்கி ஊழியர். காரின் மூடியைத் திறப்பதைத் தாண்டி அவருக்கு அனுபவமில்லை. பதினேழு வயது மகன் ஆர்வத்தோடு நின்றான். எழுபதைத் தாண்டிய ஒரு மெக்கானிக் அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதாக ஒப்புக்கொண்டார். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற வகையில் என்னையும் அழைத்தார்கள்.

வீட்டில் இன்னொருவரும் இருந்தார். அதிபரின் மனைவி, எண்பத்திரண்டு வயது. காரை ஓட்டியதில்லை என்றாலும் அரை நூற்றாண்டு அதன் முன் இருக்கையில் இருந்தவர். வேலை நடந்த நாள்களில் எங்களுக்குத் தேநீர் தந்தவர் அவர்தான். நாங்கள் அவரிடம் கேட்ட கேள்வி, சீனி போதுமா என்பதற்கு மேல் போகவில்லை.

முதற் பார்வையில் கண்டவை

முதல் நாள் காரைத் தள்ளி வெளியே எடுத்து, கொப்பியில் குறித்தோம். வலப்பக்கத் தரைத்தகடு துரு தின்று விரல் போகும் அளவுக்குத் துளை. பின் ஸ்பிறிங் மாட்டும் இடங்களில் மேற்துரு மட்டும். சுத்தியலால் தட்டினால் கெட்டியான ஓசை. மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். அதனால் இந்தத் தட்டிப் பார்ப்பு கட்டாயம். பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்ததும் பழைய வார்னிஷ் மணம் வந்தது. பிறேக் மிதி தரைவரை இறங்கியது. ஸ்ரியறிங் இலகுவாகத் திரும்பியது. முன்சில்லுகளைத் தரையில் நின்றபடியே பிடித்து ஆட்டினோம்; ஆட்டம் தெரியவில்லை. "முன்பக்கம் சரி" என்று கொப்பியில் எழுதியது என் கைதான்.

இடது முன் ரயரின் உள்விளிம்பு மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்ததையும் பையன் சுட்டிக் காட்டினான். எப்படியும் ரயர் நான்கையும் மாற்றத்தானே போகிறோம் என்று கடந்துவிட்டோம். ஒரு தடயத்தை எடுத்துக் குப்பையில் போட்டதற்கு இது சமம். அன்று அப்படித் தோன்றவில்லை.

எஞ்சின்

எல்லோரையும்போல நாங்களும் எஞ்சினில்தான் கை வைத்தோம். சத்தம் கேட்டால்தான் உற்சாகம் வரும் என்று அண்ணை சொன்னார், அது பொய்யுமில்லை. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் சிறிது ஒயில் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, கைப்பிடியால் சுற்றியபோது எஞ்சின் சுழன்றது. பற்றறி இணைக்கும்போது மட்டும் பையனை நிறுத்தி வைத்துப் பாடம் நடத்தினேன்: இந்தக் காரில் நேர்முனைதான் உடலோடு இணையும். இன்றைய கார்களின் பழக்கத்தில் எதிர்முனையை உடலுக்குக் கொடுத்தால் டைனமோவின் முனை மாறிவிடும். சிவப்பு நாடா ஒன்றை உடலோடு இணையும் கம்பியில் சுற்றி வைத்தோம்.

கம்பிறஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்ரன் உண்டாக்கும் அழுத்தம், அளந்தோம். சதுர அங்குலத்துக்கு 95, 100, 95, 95 இறாத்தல். இந்த எஞ்சினுக்கு 130க்கு மேல் வர வேண்டும். அண்ணையின் தீர்ப்பு உடனே வந்தது: பிஸ்ரனைச் சுற்றி இருக்கும் அடைப்பு வளையமான றிங் போய்விட்டது, போர் அடிக்க வேண்டும், அதாவது சிலிண்டரின் உள்துளையைக் கடைந்து பெரிதாக்க வேண்டும். அவர் அப்படி நினைத்ததற்கு நியாயம் இருந்தது. 1990 நடுப்பகுதிக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, இங்கே ஓடிய கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சிறு போத்தலில் இருக்கும் பெற்றோலில் சில துளியை, எரிபொருளையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினை எழுப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய். சரியாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரால் வழிந்து கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். ஒயில் குச்சியில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடும். தெரியாதவர் மகிழ்வார், தெரிந்தவர் ஒயிலை மாற்றுவார். அந்தக் காலத்தில் மாற்ற ஒயில் எங்கே இருந்தது?

ஆனாலும் எண்கள் எனக்கு இடித்தன. றிங் தேய்ந்தால் நான்கு சிலிண்டரும் இப்படி ஒரே அணியாக நிற்காது. ஒன்றிரண்டாவது தள்ளி நிற்கும். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளந்தோம். றிங்கின் குறை என்றால், ஒயில் இடைவெளியை அடைத்து எண் துள்ளி ஏற வேண்டும். ஐந்து இறாத்தல்கூட ஏறவில்லை. வால்வு மூடியைத் திறந்து பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் திருகுகள் எட்டும் வழக்கத்தைவிடக் கீழே இறங்கியிருந்தன. நட்டுக்கு மேலே இரண்டு மரைதான் மிச்சம். வால்வுகளை இயக்கும் தள்ளுதண்டுகள் எல்லாம் திடீரென்று குட்டையாகிவிட்டதுபோல. தண்டு குட்டையாகாது என்றால், எஞ்சின் தலை உயர்ந்திருக்க வேண்டும்.

தலையைக் கழற்றினோம். கசிவைத் தடுக்க நடுவில் வைக்கும் காஸ்கெட் ஒன்று, அதன் மேல் ஒரு அலுமினியத் தகடு, அதன் மேல் இன்னொரு காஸ்கெட். தகடு இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு. நான்கு சிலிண்டர் வட்டங்களையும், தண்ணீர்ப் பாதைகளையும், தள்ளுதண்டுத் துளைகளையும் யாரோ கையாலேயே வெட்டி, அரத்தால் விளிம்பு தேய்த்திருந்தார்கள். அரத்தின் கோடுகள் அப்படியே இருந்தன. மண்ணெண்ணெய் பெற்றோலைவிட எளிதில் இடிக்கும். இடிக்காமல் ஓட அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். தலையை உயர்த்தி எரியறையைப் பெரிதாக்கியதால் அழுத்தம் குறைந்தது. கண்டுபிடித்தவர் எவரோ, அவருக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம். அண்ணை அந்தத் தகட்டை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரே அந்தக் காலத்தில் இப்படிப் பல கார்களை மாற்றியவர், ஆனால் இது அவருடைய வேலையில்லை.

தேநீரோடு வந்த அம்மா தகட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது மண்ணெண்ணெய்க்கு மாற்றிய கார்தானே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே." நாங்கள் சிரித்தோம். சிரித்துவிட்டு, அதோடு விட்டுவிட்டோம்.

எஞ்சினில் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். லேத் கடையில் போரை அளந்தார்கள்; தேய்வு இருந்தது, ஆனால் அளவு கூடிய பிஸ்ரன் போடும் நிலையில்லை. போரை உரசிப் புதிய றிங் மட்டும் போட முடிவெடுத்தோம். பெரிய பிஸ்ரனை இங்கிலாந்திலிருந்து எடுப்பதற்குக் காசும் காலமும் தேவைப்பட்டன என்பதும் காரணம். வெளியேற்று வால்வுகளின் இருக்கைகளுக்குக் கடின உலோக வளையம் போட்டோம். ஈயம் கலந்த பெற்றோலை நம்பிச் செய்த எஞ்சின் இது, ஈயமில்லாத பெற்றோலில் மென்மையான இருக்கை குழிந்துவிடும். தகட்டை எடுத்துவிட்டு ஒரு காஸ்கெட்டோடு தலையைப் பூட்டினோம். கம்பிறஷன் 135 அளவில் நின்றது.

தண்ணீர்ப் பக்கம் மட்டும் எதிர்பாராத பாடாகிவிட்டது. எஞ்சின் கட்டையின் வடிகுழாயைத் திறந்தால் ஒரு சொட்டும் வரவில்லை. கம்பியால் குத்தியபோது வெள்ளைக் கட்டிகளாக உதிர்ந்தது, கேத்திலின் அடியில் படிவதே. யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது. ஐம்பது ஆண்டு அதையே ரேடியேற்றருக்கு ஊற்றினால் வேறென்ன நடக்கும்? மழைத்தண்ணீரைப் பிடித்து வடித்து ஊற்றுவது என்று அன்று வைத்த வழக்கம் இன்றும் தொடர்கிறது.

பிறேக், அதை மறித்து நின்ற தண்டு

மைனரின் பிறேக் ஒரே சுற்று. ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கு சில்லுக்கும் பிறேக் இல்லை. அதனால் சில்லுச் சிலிண்டர்கள், குழாய்கள், ரப்பர்கள் எல்லாவற்றையும் புதிதாக்கும் முடிவில் விவாதமே இல்லை. வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் பெரும்பகுதி கிடைத்தது.

மிதியின் அழுத்தத்தைப் பிறேக் குழாய்களுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர்தான் பொறுமையைச் சோதித்தது. அது சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. அதைப் பூட்டியிருக்கும் நீண்ட இரண்டு போல்ட்டுகளின் நட்டைக் கழற்றலாம், போல்ட்டை வெளியே இழுக்க முடியாது. முன் சஸ்பென்ஷனின் முறுக்குத் தண்டு குறுக்கே நிற்கிறது. மைனரில் முன்பக்கத்துக்குச் சுருள் ஸ்பிறிங் இல்லை. காரின் நீளவாக்கில் ஓடும் இந்த இரும்புத் தண்டு முறுகியே பாரம் தாங்குகிறது. ஆகவே ஒரு பிறேக் சிலிண்டரைக் கழற்ற, வலப்பக்க முன் சஸ்பென்ஷனையே அவிழ்த்துத் தண்டை இறக்க வேண்டும். இசிகோனிஸ் மேதைதான், ஆனால் அந்த இடத்தில் முதுகு நிலத்தில் படக் கிடந்து வேலை செய்தவர் எவரும் அந்தச் சொல்லை உடனே சொல்லமாட்டார். திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளை எதிர்ப்பக்கமாகக் கொடுத்தோம். அடுத்த முறை தண்டைத் தொடத் தேவையில்லை.

இந்த வேலையின் பயனாக வலப்பக்கத்தின் கிங்பின்னும் அதன் கீழ் டிரனியனும் கையில் வந்தன. இதைச் சற்று விளக்க வேண்டும். சில்லின் அச்சைத் தாங்கும் செங்குத்துத் தண்டு கிங்பின். அதன் மேல்முனையும் கீழ்முனையும் மரை வெட்டியவை; அந்த மரைகள் டிரனியன் எனும் இரண்டு உலோகக் கட்டைகளுக்குள் திருகி நிற்கின்றன. ஸ்ரியறிங்கைத் திருப்பும்போது மரைதான் சற்றே கழன்று, சற்றே ஏறுகிறது. அங்கே வேறு பேரிங் கிடையாது. காரின் பாரமோ கீழ்க் கட்டையைக் கிங்பின்னிலிருந்து பிடுங்கும் திசையில் அழுத்துகிறது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடி என்று காரோடு வந்த கைநூல் சொல்வது இதனால்தான். கிறீஸ் இல்லையென்றால் மரை அரைபடும். அரைபட்டுத் தீர்ந்தால் பிடிமானமே இல்லை.

வலப்பக்கத்து மரைகள் கூர்மையாகவே இருந்தன. துடைத்து, கிறீஸ் அடித்து, பூட்டினோம். இடப்பக்கத்தையும் அவிழ்ப்போமா என்று அண்ணை கேட்டார். "ஒரே கார், ஒரே ஓட்டம், ஒரே ஆள் பராமரித்தது. வலது இப்படி இருந்தால் இடதும் இப்படித்தான் இருக்கும்" என்றேன் நான். அன்று ஓகஸ்ட் நடுப்பகுதி. கொரோனாவுக்காக மீண்டும் ஊரடங்கு வரும் என்ற பேச்சு இருந்தது, வேலையை முடித்துவிடும் அவசரமும் இருந்தது. அந்த மாதம் 20ஆம் திகதி ஊரடங்கு வந்தேவிட்டது. ஒக்ரோபர் முதலாம் திகதிவரை நீடித்தது.

இடப்பக்கத்துக்கு ஒன்றும் செய்யாமல் விட்டோம் என்றில்லை. கிறீஸ் துப்பாக்கியைப் பையனிடம் கொடுத்தோம். கிறீஸ் ஏற்றும் முனையான கீழ் நிப்பிளின் மேல் கறுப்பு அடித்தள பெயின்ற் தடிப்பாகப் படிந்திருந்தது. அவன் அதைச் சுரண்டிவிட்டு அடித்தான். "கிறீஸ் வெளியே வருகிறது, மாமா" என்றான். குனிந்து பார்த்தேன். புதுக் கிறீஸ் வந்திருந்தது. போதும் என்றேன்.

எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை.

விபத்து

நவம்பரில் மழைக்கிடையே தரைத்தகடும் பெயின்றும் முடிந்தன. டிசம்பர் முதல் வாரம் புகைப் பரிசோதனையில் தேறி, காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் எடுத்து, கார் வீதியில் ஏறியது. உரிமையாளர் ஒவ்வொரு மாலையும் சிறு தூரம் ஓட்டினார். இடப்பக்கம் திரும்பும்போது முன்னாலிருந்து மெல்லிய கிறீச்சொலி வருவதாகச் சொன்னார். புது ரப்பராக இருக்கும், ஓட ஓடச் சரியாகும் என்று இருவருமாகப் பதில் சொன்னோம். இந்த வழக்கில் நான்காவது தடயம் அது.

திருவெம்பாவைக் காலை ஒன்று. உரிமையாளர் தாயாரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று திரும்பினார். பிரதான வீதியில் மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் வந்திருக்கிறார். ஒழுங்கைக்குள் வந்து, படலைக்குள் நுழைய ஸ்ரியறிங்கை முழுவதும் இடப்பக்கம் ஒடித்தார். நடக்கும் வேகம். இரும்பு விழுந்ததுபோல ஒரு சத்தம். காரின் இடது மூக்கு நிலத்தில் இருந்தது. சில்லு வெளிப்பக்கமாகச் சாய்ந்து மட்கார்டுக்குள் செருகி நின்றது.

அம்மா கதவைத் திறந்து தானாகவே இறங்கினார். கோயில் விபூதித் தட்டம் மடியிலிருந்து சிந்தவில்லை. அவர் காரைச் சுற்றி வந்து, மடிந்து கிடந்த சில்லைப் பார்த்துச் சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது: "கைதடியில் உடைந்ததும் இந்தச் சில்லுத்தான்."

அவிழ்த்தபோது தெரிந்தது

அன்று மாலை முற்றத்தில் கதிரை போட்டு அம்மாவிடம் முதல்முறையாக ஒழுங்காகக் கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30. போரினால், யாழ்ப்பாண நகர் உள்ள வலிகாமம் பகுதி முழுவதும் ஒரே இரவில் கிழக்கே தென்மராட்சி நோக்கிப் புறப்பட்ட நாள். அதிபர் காரில் எட்டுப் பேரையும் இரண்டு அரிசி மூட்டைகளையும் ஒரு தையல் இயந்திரத்தையும் ஏற்றியிருந்தார். நாவற்குழிப் பாலத்தை ஆட்களோடு ஆட்களாக ஊர்ந்து கடந்து, கைதடிக்குக் கிட்ட ஒதுங்க முயன்றபோது இடது முன்சில்லு மழையில் கரைந்த மதகுப் பள்ளத்தில் இறங்கியது. ஏதோ உடைந்தது. மறுநாள் ஒருவர் வேறொரு காரிலிருந்து கழற்றிய பாகத்தைப் போட்டு வீதியோரத்திலேயே திருத்திக் கொடுத்தார். 1996இல் திரும்பி வந்தபோதும் அதே திருத்தத்தோடு வந்தார்கள். பிறகு ஒருமுறை காருக்குப் பெயின்ற் அடித்து, அடிப்பாகத்துக்கும் கறுப்பு பூசினார்கள். அதற்கும் பிறகு பன்னிரண்டு ஆண்டு ஓடியது.

ஒரே கார், ஒரே ஓட்டம் என்ற என் வாதம் அந்தக் கதிரையிலேயே உடைந்தது. இடப்பக்கம் வேறு காரின் உறுப்பு.

மறுநாள் அவிழ்த்தோம். கீழ் டிரனியனில் இருந்த நிப்பிள் அதற்குரியதல்ல; மரை பொருந்தாததை அடித்து இறுக்கியிருந்தார்கள். போர்க்காலத்து வீதியோரத்தில் அதைச் செய்தவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நிப்பிளுக்கும் கட்டைக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி. உள்ளே போகும் துளையில் பழைய கிறீஸ் காய்ந்து கல்லாகியிருந்தது. துப்பாக்கியால் அடித்த புதுக் கிறீஸ் உள்ளே போக வழியில்லாமல் அந்த இடைவெளியால் திரும்பி வந்திருக்கிறது. பையன் கண்டது அதைத்தான், நான் குனிந்து பார்த்ததும் அதைத்தான். டிரனியனின் இரு முனைகளிலும் ரப்பர் வளையத்தை ஒட்டிப் பழைய கிறீஸ் பிதுங்க வேண்டும், அதன் பின்னால் புதியது வர வேண்டும். அங்கே பத்து ஆண்டுப் புழுதி அசையாமல் இருந்தது.

கட்டைக்குள் விரலைவிட்டபோது செம்மண்போலத் துருப்பொடி ஒட்டியது. மரை இருந்த இடம் வழுவழுத்த குழாய். கிங்பின்னின் கீழ்முனையில் மரையின் சாயல் மட்டும், சவரக்கத்தி விளிம்புபோல மெலிந்து. நேராக ஓடும்போது அந்த மெலிந்த விளிம்பு எப்படியோ பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. முழுவதும் ஒடித்தபோது மரை கழலும் பக்கம் திரும்பியது, பிடிமானம் தீர்ந்தது. ரயரின் உள்விளிம்புத் தேய்வும் கிறீச்சொலியும் இதே நோயின் முன்குறிகள். முதல் நாள் சில்லை ஆட்டியபோது தெரியாததற்கும் காரணம் உண்டு. தரையில் நிற்கும்போது பாரம் மரையை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கும். இடைவெளி வெளியே காட்டாது.

மைனரை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. இந்தக் காரின் மிகப் பேர்போன பலவீனமே இதுதான். வகுப்பில் கரும்பலகையில் படம் வரைந்து நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

திருத்தமும் பின்னர் நடந்தவையும்

இரு பக்கத்துக்கும் புதிய கிங்பின், டிரனியன், ரப்பர் வளையங்கள் என்று முடிவெடுத்தோம். வலப்பக்கம் நல்ல நிலையில் இருக்க அதையும் மாற்றுவது வீண் செலவு என்று உரிமையாளரின் உறவினர் ஒருவர் சொன்னார். கழற்றியது நல்லதாக இருந்தால் அது உதிரியாகக் கொட்டிலில் இருக்கட்டும் என்று உரிமையாளர் பதில் சொன்னார். அது சரியான முடிவு. இடதும் வலதும் ஒன்றுக்கு ஒன்று மாறாத உறுப்புகள் என்பதால் கட்டளையில் பக்கத்தைத் தெளிவாக எழுதினோம். 2022 ஜனவரியில் கேட்டது ஏப்ரலில் வந்தது. நடுவில் மார்ச்சில் ரூபாய் சரிந்தது. பணத்தை முன்பே கட்டியிருந்ததால் தப்பினோம்.

மட்கார்டு போல்ட்டில் பூட்டுவது, ஆகவே கழற்றி வெளியே வைத்துத் தட்டி நிமிர்த்த முடிந்தது. மே மாதம் கார் சில்லில் நின்றது. நின்றது என்பதோடு சரி. நாட்டில் பெற்றோல் இல்லை. ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் அட்டை முறை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று ஆனபின்தான் ஓடத் தொடங்கியது. அந்த வரிசை நாள்களில் அந்த அலுமினியத் தகட்டைத் திரும்பப் போட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினால் என்ன என்று பலர் கேட்டார்கள், பாதி விளையாட்டாக. அண்ணை விளையாட்டாகக்கூட ஒப்பவில்லை. புது றிங்கையும் புது ஒயிலையும் மீண்டும் கரைக்க அவருக்கு விருப்பமில்லை. மண்ணெண்ணெயும் கடற்றொழிலாளருக்கே கிடைக்காமல் இருந்தது. ஓகஸ்டில் அதன் விலை லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானதும் அந்தப் பேச்சு தானாக நின்றது.

இன்று தொடங்கினால்

வேலையின் வரிசையை மாற்றுவேன். எஞ்சின் ஓடாவிட்டால் கார் கொட்டிலில் நிற்கும், அவ்வளவுதான். சில்லும் பிறேக்கும் ஸ்ரியறிங்கும் முதலில். எஞ்சின் அதற்குப் பின். உற்சாகம் குறையும் என்ற அண்ணையின் கவலைக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஞாயிறு வேலை பாதியில் கைவிடப்படுவது உண்மையான ஆபத்து. ஒருவேளை எஞ்சினை ஒருமுறை எழுப்பிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, மூடிவைத்துவிட்டு, முன்சில்லுக்குப் போகலாம்.

சில்லை ஆட்டிப் பார்க்கும் முறையும் மாறிவிட்டது. இப்போது காரை ஜக்கில் தூக்கி, தாங்கி வைத்து, சில்லு தொங்கும்போது கீழ்க் கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் நெம்புகோல் கொடுத்து மேலும் கீழும் தூக்கிப் பார்க்கிறோம். பக்கவாட்டு ஆட்டம் மட்டும் போதாது. கிறீஸ் அடிப்பது 1,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை, அவ்வளவு ஓடாவிட்டாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஜக்கில் தூக்கி வைத்து அடித்தால் கிறீஸ் நன்றாக ஏறுகிறது. பையன் இப்போது கீழே ஒரு வெள்ளைக் கடதாசியை விரித்து, டிரனியனின் முனையிலிருந்து பழைய கறுப்புக் கிறீஸ் அதில் விழும்வரை விடுவதில்லை.

ஒரு பக்கம் நன்றாக இருப்பது மறுபக்கத்துக்குச் சாட்சியாகாது என்பதை இப்போது நான் வகுப்பெடுக்காமலே சொல்லித் திரிகிறேன். அறுபது ஆண்டுக் காரில் தொழிற்சாலை பூட்டியது பாதி, பின்னர் வந்தவர்கள் பூட்டியது பாதி. பின்னதற்குக் கைநூல் கிடையாது. அந்தக் காரில் பயணம் செய்தவர்களின் நினைவுதான் இருக்கிறது. அம்மா சொல்லச் சொல்லப் பையன் ஒரு கொப்பியில் எழுதி முடித்திருக்கிறான்: எந்த ஆண்டு எங்கே நின்றது, யார் திருத்தினார், எதைப் போட்டார். பதினான்கு பக்கம் வந்தது. அதில் ஒன்பதாம் பக்கத்தில், 1983க்கு முன்பு ஒருமுறை பின்பக்க டிஃபரன்ஷியலிலும், அதாவது பின்சில்லுகளுக்குச் சுழற்சியைப் பகிரும் பல்சக்கரத் தொகுதியிலும், கைவைத்ததாக ஒரு வரி இருக்கிறது. அடுத்த விடுமுறையில் அதைத் திறந்து பார்க்கப் போகிறோம்.